மீனவர் கைதைச் சமுதாய வானொலியில் சொல்லலாமா? இணையத்திலும் ஒலிபரப்பினால்?

கேள்வி: மூக்கையூர் சங்கப் பொறுப்பாளர்

எங்கள் மீனவர் சங்கம் சமுதாய வானொலிக்கு, அதாவது உள்ளூர் அமைப்பே தன் ஊருக்காக நடத்தும் சிறு வானொலி நிலையத்துக்கு, விண்ணப்பித்திருக்கிறது. நிகழ்ச்சிகளைத் திட்டமிடும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை ஒரு படகைப் பிடித்துவிட்டால் அன்றிரவு கரையில் ஒருவரும் தூங்குவதில்லை. எந்தப் படகு, யார் யார் என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். அதை நாங்கள் அறிவிக்கக் கூடாது என்கிறார்கள். அப்படியென்றால் புயல் கூண்டு ஏற்றியதையும் சொல்லக் கூடாதா? வளைகுடா நாடுகளில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்காக இதையே இணையத்திலும் விட ஆசை. அதற்குத் தனி அனுமதி வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: தொண்டி ஒலிப்பதிவாளர்

தம்பி, கூண்டைத் தாராளமாகச் சொல்லுங்கள். வானிலை, இயற்கைப் பேரிடர், குடிநீர், மின்தடை, நோய்த்தடுப்பு அறிவிப்புகள் எதையும் விதிகள் செய்தியாகக் கருதுவதில்லை. பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏறினால் அடுத்த நிமிடமே சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம், கடலுக்குச் செல்ல மீன்துறை தரும் டோக்கன் பற்றிய அறிவிப்பு ஆகியவற்றையும் தயங்காமல் சொல்லலாம்.

கைது வேறு விஷயம். அது செய்தி. சமுதாய வானொலி தானே திரட்டிய செய்தியை ஒலிபரப்ப முடியாது. ஆகாசவாணியின் செய்தியை மட்டும், திரிக்காமல் தரலாம். இந்தத் தடை எனக்குச் சற்றும் ஒப்பவில்லை. அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. அந்தப் பொதுச்சொத்தில் பத்து கிலோமீட்டர் அளவே எட்டும் 100 வாட் நிலையம், தன் ஊர்க்காரனுக்கு நேர்ந்ததைத் தன் வாயால் சொல்லக் கூடாது என்பது அநியாயம். ஆனாலும் அனுமதி ஒப்பந்தத்தில் கையெழுத்திடப்போவது உங்கள் சங்கம். அதை மீறி நிலையம் மூடப்பட்டால் புயல் அறிவிப்பும் சேர்ந்தே நின்றுவிடும்.

நான் நிகழ்ச்சிப் பொறுப்பில் இருந்தபோது ஒரு மாலை, படகின் பதிவெண்ணைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு ஒரு பெண் ஒலிக்கூட வாசலுக்கே வந்துவிட்டார். வலதுகையில் காகிதம், இடுப்பில் குழந்தை. அந்த எண்ணை நாங்கள் வாசிக்கவில்லை. ஆகாசவாணிச் செய்தியில் வந்ததும் அதை அப்படியே ஒலிபரப்பினோம். மறுநாள் காலை ஒரு வழக்கறிஞரை அழைத்து, பிடிபட்டவரின் குடும்பம் மீன்துறை அலுவலகத்துக்கு எந்தெந்தத் தாள்களை எடுத்துச் செல்ல வேண்டும், மனுவில் என்ன எழுத வேண்டும் என்று அரை மணி நேரம் பேசவைத்தோம். மீனவர் அடையாள அட்டை நகல், படகுப் பதிவுச் சான்று என்று அவர் ஒவ்வொன்றாக நிறுத்திச் சொன்னார். அது செய்தி அல்ல, வழிகாட்டல். கரைக்கு அதுதான் அதிகம் பயன்பட்டது. அப்படி ஒரு நிகழ்ச்சியை இப்போதே தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பதிவேடு. ஒலிபரப்பிய ஒவ்வொன்றின் ஒலிப்பதிவும் மூன்று மாதம் கையில் இருக்க வேண்டும். கூடவே ஒரு நீள நோட்டில் நேரம், நிகழ்ச்சி, குரல் யாருடையது, பாட்டானால் இசையமைப்பாளர் யார், எழுதியவர் யார், விளம்பரம் எத்தனை வினாடி என்று அன்றன்றே எழுதுங்கள். விளம்பரம் மணிக்கு 12 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. 2024-இல்தான் 7-லிருந்து உயர்த்தினார்கள். ஐஸ் கம்பெனி, எஞ்சின் பழுதுபார்ப்பவர் போன்ற உள்ளூர் விளம்பரங்களே போதும். புகார் வரும் நாளில் உங்களுக்காகப் பேசப்போவது அந்த நோட்டு. நேரம் கிடைத்தால் பாம்பனில் மீனவர்களுக்காக நடக்கும் சமுதாய வானொலியான கடல் ஓசை நிலையத்துக்கும் ஒருமுறை போய் வாருங்கள்.

பதில்: கீழக்கரை இணைய வானொலி

அண்ணன் சொன்னது அலைவரிசைக்கு. இணையத்தில் ஒலிபரப்ப அலைவரிசை உரிமம் வேண்டாம். ஆனால் அங்கே செய்தியும் நடப்பு விவகாரமும் தந்தால் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் உங்களைச் செய்தி வெளியீட்டாளராகப் பார்க்கும். குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை அமர்த்தி, புகாருக்கு 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அமைச்சகத்துக்கு விவரம் தர வேண்டும். அந்த விதிகளில், நெறிமுறைகளைக் கடைப்பிடிப்பது பற்றிய 9(1), 9(3) ஆகிய இரண்டை மும்பை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் நிறுத்திவைத்தது உண்மை. அதை நம்பி மற்றக் கடமைகளை விட்டுவிடாதீர்கள்.

பெரிய சிக்கல் திரைப்பாட்டு. வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் பதிப்புரிமைச் சட்டத்தின் 31டி பிரிவு, முன்னறிவிப்புக் கொடுத்து நிர்ணயித்த உரிமத்தொகையைக் கட்டிப் பாட்டுப் போட வழி தருகிறது. அந்த வழி இணையத்துக்குச் செல்லாது என்று 2019-இல் மும்பை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே வானொலியில் போகும் அதே பாட்டுக்கு இணையத்தில் உரிமையாளரிடம் தனியே அனுமதி வாங்க வேண்டும். நான் திரைப்பாட்டையே நிறுத்திவிட்டேன்.

மூக்கையூர் சங்கப் பொறுப்பாளர்

நன்றி அண்ணன், நன்றி அக்கா. திரைப்பாட்டுக்குப் பதிலாக, வலை இழுக்கும்போது பெரியவர்கள் பாடும் அம்பாப் பாட்டையும், பாசி எடுக்கும் பெண்கள் பாடுவதையும் நாங்களே பதிவு செய்து போடலாமா?

தொண்டி ஒலிப்பதிவாளர்

போடுங்கள் தம்பி, அதைவிட நல்லது இல்லை. நிகழ்ச்சியில் பாதியாவது உங்கள் பகுதியில் தயாரானதாக இருக்க வேண்டும் என்ற விதியும் அதிலேயே நிறைவேறும். வழிவழியாக வந்த பாட்டுக்கு உரிமை கேட்க ஆளில்லை. பாடும் குரலுக்கு உரிமை உண்டு. ஆகவே பாடியவரிடம் தமிழில் ஒரு பக்க ஒப்புதல் வாங்குங்கள்: வானொலி, இணையம் இரண்டையும் குறிப்பிட்டு, பணம் கொடுத்தால் தொகையையும் எழுதி. கையெழுத்துப் போடத் தெரியாதவருக்கு முழுவதையும் வாசித்துக் காட்டிவிட்டு ரேகை வாங்குங்கள். வாசித்துக் காட்டியதையும் ஒலிப்பதிவு செய்து அதே கோப்பில் சேர்த்து வையுங்கள்.