புதுப்பிப்பு: மருந்து பூசியும் பேன் ஏன் திரும்ப வருது?

பேனைக் கொல்லும் மருந்தான பெர்மெத்ரின் 1% லோஷனைத் தலையில் பூசி 10 நிமிடத்தில் கழுவச் சொல்லி முன்பு எழுதியிருந்தேன். "பூசியும் திரும்ப வருதே" என்று திருகோணமலைத் தாய்மார் சிலர் கேட்டிருந்தீர்கள். கண்டிஷனர் போட்ட முடியில் மருந்து ஒட்டாது. வெறும் ஷாம்பூவால் கழுவி, துவாயால் ஒற்றி, ஈரம் இருக்கவே பூசுங்கள். ஈர் முழுக்கச் சாகாது, 7–10 நாளில் பொரிக்கும். அதனால் 9ஆம் நாள் இன்னொருமுறை.

இடையில் 2–3 நாளுக்கொருக்கா பேன்சீப்பை மண்டையோடு ஒட்டவைத்து நுனிவரை இழுங்கள். ஒவ்வோர் இழுப்பையும் வெள்ளைத் துணியில் துடையுங்கள்: எள்ளளவாய், கால் அசைந்தால் பேன்.

நிலாவெளிக் கடலில் முக்கியெடுத்தாலும் சாகாது, மணிக்கணக்கில் தாங்கும். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம், தீப்பிடிக்கும். ஒரு பிள்ளைக்கு இருந்தால் அம்மம்மா உட்பட எல்லார் தலையையும் அன்றே பாருங்கள்.