பத்து வருஷமாக பிளம்பிங் செய்கிறேன், கையில் பேப்பர் இல்லை. டர்பனில் எங்கே தொடங்குவது?

பீனிக்ஸ்காரி:

எல்லாருக்கும் வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்து பீனிக்ஸில் இருக்கிறேன், வயது நாற்பதை நெருங்குகிறது. என் அண்ணன் பிளம்பர். மெட்ரிக் (பள்ளிக் கடைசி வகுப்பு) முடித்துவிட்டுக் கொஞ்ச காலம் ஒரு கடையில் கேஷியராக இருந்தேன், பிடிக்கவில்லை, அண்ணனுடன் பக்கியில் (சின்ன பிக்கப் வண்டி) ஏறிவிட்டேன். அதற்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. கீசர் மாற்றுவது, காப்பர் பைப் பற்றவைப்பது, டிரெயின் அடைப்பு எடுப்பது எல்லாமே தனியாகச் செய்வேன். இப்போது அண்ணனுக்கு முதுகு போய்விட்டது, இனி வேலை செய்யக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

தனியாகப் போனால் வீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது சர்டிபிகேட். கீசர் வெடித்த வீடு என்றால் இன்ஷூரன்ஸ்காரன் சி.ஓ.சி. (வேலை விதிப்படி நடந்தது என்று பிளம்பர் கையெழுத்துப் போடும் சான்று) இல்லாமல் பணம் தரமாட்டான், அதனால் நான் வேலையைச் செய்துவிட்டு வேறு யாரோ ஒருவரைக் கையெழுத்துக்குக் கெஞ்ச வேண்டியிருக்கிறது, அவர் வீட்டுக்குள்கூட வராமல் பாதிப் பணத்தை எடுத்துக்கொள்கிறார்.

நடுவில் கார்னூபியா பக்கம் ஒரு கட்டட சைட்டில் வேலைக்குப் போனேன். அங்கே எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு பிளாஸ்டிக் டாய்லெட், தாழ்ப்பாளும் உடைந்தது. நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பேன். கேட்டதற்கு "நீ ஒருத்திக்காக இன்னொன்று வாடகைக்கு எடுக்கணுமா" என்றார் ஃபோர்மேன். பூட்ஸுக்கும் ஹெல்மெட்டுக்கும் கூலியில் பிடித்துக்கொண்டார்கள், அதுவும் ஆண்கள் சைஸ் எட்டு, உள்ளே இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டு நடந்தேன்.

இந்த வயதில் காலேஜுக்குப் போய் முதலிலிருந்து படிக்க வேண்டுமா? பெண்களுக்கு என்று ஏதாவது உதவி இருக்கிறதா? சொந்தக்காரர்கள் "கோயிலில் சமையல் வேலை காலியாக இருக்கிறது, வாயேன்" என்கிறார்கள். அந்தப் பதில் மட்டும் வேண்டாம்.

சாட்ஸ்வொர்த் கரண்ட் அக்கா:

தங்கச்சி, முதலிலிருந்து படிக்க வேண்டாம். உன்னைப் போல வேலை தெரிந்து பேப்பர் இல்லாதவர்களுக்குத்தான் ஏ.ஆர்.பி.எல். (முன் அனுபவத்தை அங்கீகரிப்பது) என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இதுவரை செய்த வேலையை ஆதாரத்தோடு காட்ட வேண்டும், அதைப் பார்த்துவிட்டு வாயால் கேள்வி கேட்பார்கள், கையால் செய்யச் சொல்வார்கள், எதில் குறையோ அதற்கு மட்டும் பயிற்சி, அப்புறம் டிரேட் டெஸ்ட் என்கிற தொழில் தேர்வு. பாஸ் பண்ணினால் அப்ரெண்டிஸாக இருந்து வந்தவனுக்குக் கிடைக்கிற அதே ரெட் சீல் சான்றிதழ்தான் உனக்கும், இரண்டாம் தரம் கிடையாது. கோஸ்டல், தெக்வினி, இலாங்கேனி காலேஜ்களில் முதலில் விசாரி. ஆனால் எல்லா இடத்திலும் எல்லாத் தொழிலுக்கும் சென்டர் இருக்காது. "பிளம்பிங் டிரேட் டெஸ்ட்டுக்கு உங்களுக்கு அங்கீகாரம் இருக்கிறதா, கடிதத்தைக் காட்டுங்கள்" என்று நேராகவே கேள். அங்கீகாரம் இல்லாமல் பணம் வாங்குகிற இடங்களும் உண்டு.

ஆதாரம் சேர்ப்பதுதான் பெரிய தலைவலி, ஏனென்றால் நம் ஆட்கள் எல்லாம் கேஷ், ரசீது கிடையாது. அண்ணனிடம் எந்த வருஷத்திலிருந்து என்னென்ன வேலை செய்தாய் என்று விவரமாக ஒரு கடிதம் எழுதி வாங்கு, அதை போலீஸ் ஸ்டேஷனில் அஃபிடவிட்டாகப் பண்ணு, ஒரு சென்ட் செலவில்லை. பழைய வாடிக்கையாளர் நாலு பேரிடம் கடிதம் வாங்கு. போனில் போட்டோ எடுத்திருப்பாய் இல்லையா, அதையெல்லாம் தேதியோடு பிரிண்ட் போடு. வேலை முடிந்த கீசரை மட்டும் காட்டாதே, நீ செய்துகொண்டிருக்கிற மாதிரி இருக்க வேண்டும். வாக்குவம் பிரேக்கர் எங்கே வைத்தாய், டிரிப் ட்ரே போட்டாயா, சேஃப்டி வால்விலிருந்து வெளியே போகிற குழாய் காப்பரா இல்லை எவனோ சொருகிய பிளாஸ்டிக்கா, இதைத்தான் பார்ப்பார்கள். 400 கிலோபாஸ்கல் அழுத்தத்துக்கான கீசரில் 600 வால்வு போட்டிருந்ததைக் கண்டுபிடித்து மாற்றினேன் என்று ஒரு போட்டோவோடு எழுதினால் அதுவே பத்துக் கடிதத்துக்குச் சமம்.

டெஸ்ட் பாஸானதும் பி.ஐ.ஆர்.பி.யில் (பிளம்பர்களைப் பதிவு செய்யும் அமைப்பு) லைசென்ஸ் பிளம்பராகப் பதிவு செய். அப்புறம் சி.ஓ.சி.யில் உன் கையெழுத்துதான், பாதிப் பணம் எடுத்துக்கொள்கிற அந்த ஆளை விட்டுவிடலாம். வருஷக் கட்டணம் உண்டு, பயிற்சிப் புள்ளிகளும் சேர்க்க வேண்டும், அதைக் கணக்கில் வைத்துக்கொள். எலக்ட்ரிக்கலில் நான் வந்த பாதை வேறு, லேபர் டிபார்ட்மென்ட்டில் பதிவு, அது இங்கே தேவையில்லை.

சேஃப்டி பார்க்கிறவன்:

சைட் விஷயம் மட்டும் சொல்கிறேன், என் வேலையே அதுதான். டாய்லெட் என்பது ஃபோர்மேன் மனசு வைத்துச் செய்கிற தயவு கிடையாது. 2014 கட்டுமான விதிகளில் 30ஆம் விதி: ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி டாய்லெட், முப்பது பேருக்கு ஒன்று, உடை மாற்றவும் தனித்தனி இடம், சாப்பிட நிழல். பெண் ஒருத்திதான் என்றாலும் அதேதான். பூட்ஸ் காசு பிடித்தது அதைவிட மோசம், 1993 பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு அதை நேராகவே தடுக்கிறது. சைட்டில் சேஃப்டி ஆபீசர் யார் என்று கேளுங்கள், எஸ்.ஏ.சி.பி.சி.எம்.பி.யில் (கட்டுமானத் தொழில் நிபுணர்களைப் பதிவு செய்யும் கவுன்சில்) பதிவு செய்தவரா என்று பாருங்கள். அவரிடம் வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள், வாயால் வேண்டாம். பதில் வராவிட்டால் லேபர் டிபார்ட்மென்ட் டர்பன் ஆபீஸில் இன்ஸ்பெக்டரைக் கேட்கலாம்.

யாராவது தப்பாகப் பேசினாலோ தொட்டாலோ முதலாளிக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள். தெரிந்தும் சும்மா இருந்தால் பொறுப்பு அவர் தலையிலும் விழும். சி.சி.எம்.ஏ.வுக்கு (தொழிலாளர் தகராறுகளைத் தீர்க்கும் அமைப்பு) போக ஆறு மாதம் அவகாசம். கேள்வி கேட்டதற்காக வேலையை விட்டுத் தூக்கினால் அதற்கு முப்பது நாள்தான், தள்ளிப்போடாதீர்கள். வக்கீல் வேண்டாம், கட்டணமும் இல்லை.

டாய்லெட்டை நான் பெரிதாக எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2013 நவம்பரில் டோங்காட் மால் இடிந்து இரண்டு பேர் செத்தது நம் ஊர்க்காரர்களுக்கு நினைவிருக்கும், வேலையை நிறுத்தச் சொல்லி கோர்ட் உத்தரவு இருந்தும் கட்டிக்கொண்டே போனார்கள். சின்ன விதியை மதிக்காதவன் சாரத்தை மட்டும் ஒழுங்காகக் கட்டுவான் என்று நான் நம்பமாட்டேன். அப்படிப்பட்ட சைட்டை விட்டு வந்தது நல்லதுதான் அக்கா.

லெனேசியா கான்ட்ராக்டர்:

பேப்பர் வாங்குங்கள், சரி. ஆனால் பேப்பர் கைக்கு வந்ததும் எல்லாரும் சொல்லப்போவது "பெண் கம்பெனி என்று டெண்டர் போடு, கோடீஸ்வரி ஆகிவிடலாம்". அதைக் கொஞ்சம் நிதானமாக எடுங்கள். சி.ஐ.டி.பி. (கட்டுமான கான்ட்ராக்டர்களைப் பதிவு செய்யும் அரசு வாரியம்) கிரேடு 1க்கு முன் அனுபவம் கேட்பதில்லை, 5 லட்சம் ராண்ட் வரை அரசு வேலைக்குப் போகலாம், பெண் உரிமையாளர் என்றால் சில டெண்டர்களில் புள்ளியும் தருவார்கள். எல்லாம் உண்மை. ஆனால் வேலையை முடித்துவிட்டுக் காசுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க உங்களிடம் முதல் இருக்கிறதா? பைப் கடைக்காரன் காத்திருக்கமாட்டான். அதோடு உங்கள் டர்பன் பக்கம்தான் வேலையில் முப்பது சதவீதப் பங்கு கொடு என்று மிரட்டி சைட்டுக்கு ஆள் வரும் கூத்து தொடங்கியது. அதை ஒழிக்கிறோம் என்று 2024 நவம்பரில் டர்பனிலேயே பிரகடனமும் போட்டார்கள். தனியாக ஒரு பெண் பக்கியில் போய் அவர்களிடம் சிக்குவதை நான் விரும்பவில்லை.

வீட்டுக் கீசர் வேலையைப் பிடியுங்கள். பகலில் தனியாக இருக்கிற பாட்டிமார், பிள்ளையோடு இருக்கிற பெண்கள், இவர்களுக்கு முன்பின் தெரியாத ஆண் கூரை ஏறுவது பிடிக்காது. உங்களுக்குத்தான் அந்த வாசல் திறக்கும். அன்றன்றைக்குக் காசு.

சாட்ஸ்வொர்த் கரண்ட் அக்கா:

அண்ணா சொல்வதில் பாதி சரி. கீசர் வேலையிலிருந்து தொடங்கட்டும், ஆனால் பெண் என்றால் வீட்டு வேலையோடு நிற்கணும் என்று யாரும் முடிவு பண்ண வேண்டாம். பெரிய வேலை எல்லாம் அரசிடம்தான், பயந்து ஒதுங்கினால் அதையும் உங்களை மாதிரி ஆட்களே எடுத்துக்கொள்வீர்கள் 😄 முதல் இல்லையா, சிறு தொழிலுக்குக் கடன் தரும் அரசு நிறுவனம் செட்ஃபாவில் கேட்கலாம், பழைய செடாவும் செஃபாவும் 2024இல் சேர்ந்து அந்தப் பெயரில்தான் நடக்கின்றன. பெண்கள் கட்டுமானச் சங்கம் எஸ்.ஏ.விக். இருக்கிறது, அங்கே ஏற்கெனவே சைட் நடத்துகிற பெண்களிடம் காசு எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று நேரிலேயே கேட்கலாம். அரசு சப்ளையர் பட்டியலில் பதிவது இலவசம், அதற்கு ஐந்நூறு ராண்ட் கேட்கிறவனைக் கண்டால் அப்படியே திரும்பி வந்துவிடு.

இன்னொன்று தங்கச்சி, நீ தனியாக கான்ட்ராக்ட் எடுக்கும்போது கூரையிலிருந்து விழுந்தால் தொழிலாளர் நஷ்டஈடு உனக்கு வராது. அது வேலைக்காரருக்குத்தான், முதலாளிக்கு இல்லை. விபத்துக்கு என்று தனியாக ஒரு பாலிசி எடு. உதவிக்குப் பையன் ஒருத்தனை வைத்தால் அவனைப் பதிவு செய், குட் ஸ்டாண்டிங் கடிதம் (நஷ்டஈட்டு நிதியில் பாக்கி இல்லை என்கிற சான்று) இல்லாமல் எந்த நல்ல சைட்டும் கேட்டைத் திறக்காது.

பீனிக்ஸ்காரி:

எல்லாருக்கும் நன்றி. அண்ணனிடம் கேட்டேன், கடிதம் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு "எந்த வருஷம் சேர்ந்தாய்" என்று என்னையே கேட்கிறார். திங்கட்கிழமை தெக்வினியில் விசாரிக்கப் போகிறேன். கீசரைத் தனியாகத் தூக்க முடியுமா என்று அங்கே கேட்டால் என்ன சொல்வது?

சாட்ஸ்வொர்த் கரண்ட் அக்கா:

150 லிட்டர் கீசரை எந்த ஆம்பளை தனியாகக் கூரைக்கு ஏற்றினான்? உன் அண்ணன் முதுகு எப்படிப் போனது என்று நினைக்கிறாய். இரண்டு பேர், கயிறு, ஏணி என்று சொல். பூட்ஸ் ஐந்தாம் சைஸ் மோபெனியில் ஒரு கடையில் கிடைக்கிறது, நம்பரைத் தனியாக அனுப்புகிறேன்.