பச்சையான நகைச்சுவையை மட்டும் நம்பி இரண்டு மணி நேரப் படம் எடுக்க முடியுமா?

கேள்வி: நொய்யல்கரை, திருப்பூர்

அனைவருக்கும் வணக்கம். நானும் என் நண்பர்கள் மூவரும் பனியன் கம்பெனி வேலைக்கு நடுவே, நான்கு ஆண்டுகளாக ஐந்து, ஆறு நிமிடச் சிறு நகைச்சுவைப் படங்களை எடுத்து யூடியூபில் வெளியிட்டு வருகிறோம். அவற்றில் பெரும்பாலானவை பச்சையானவை என்பதை மறைக்க விரும்பவில்லை. இரட்டை அர்த்தப் பேச்சு, கழிவறைச் சிரிப்பு, ஒருவருடைய உடம்பையோ பேச்சையோ வைத்துச் செய்யும் கேலி ஆகியவைதாம் எங்கள் சரக்கு. அவற்றுக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்த ஒருவர், முழுநீளக் கதையாக எழுதிக்கொண்டு வந்தால் பணம் போடுவதாகச் சொன்னார். எட்டுக் குடும்பங்களும் இரண்டே கழிவறைகளும் உள்ள ஒரு லைன் வீட்டைக் களமாக வைத்து 110 பக்கத் திரைக்கதையை எழுதி முடித்தோம்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பதினொரு பேரை உட்கார வைத்து முழுவதையும் வாசித்துக் காட்டினோம். முதல் இருபது நிமிடங்கள் மாடியே அதிரும்படி சிரித்தார்கள். நாற்பதாவது பக்கத்துக்கு மேல் சிரிப்பு தேய்ந்துகொண்டே போயிற்று. எழுபதாவது பக்கத்தில், நாங்கள் மிகவும் நம்பியிருந்த காட்சியின்போது, இருவர் கைப்பேசியை எடுத்துவிட்டார்கள். இத்தனைக்கும் பின்பாதி வசனங்கள் முன்பாதியைவிடத் துணிச்சலானவை. குறை எங்கள் எழுத்தில் இருக்கிறதா, அல்லது இவ்வகை நகைச்சுவையே இரண்டு மணி நேரத்தைத் தாங்காதா? அனுபவமுள்ளவர்கள் ஒளிக்காமல் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: பழைய ஆபரேட்டர், உடுமலைப்பேட்டை

தம்பிக்கு வணக்கம். நான் 1979 முதல் பதினாறு ஆண்டுகள் உடுமலை, மடத்துக்குளம் பக்கத்து டூரிங் டாக்கீஸ்களில் ஆபரேட்டராக இருந்தவன். படம் ஓட்டுகிறவன் திரையை அதிகம் பார்ப்பதில்லை. கார்பன் குச்சி எரிந்து தேயத் தேயத் தள்ளிக்கொடுக்க வேண்டும்; அடுத்த ரீலை எடுத்து வைக்க வேண்டும். ஆனால் கொட்டகையின் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஒரே படத்தை நாளுக்கு இரண்டு ஆட்டமாக ஒரு வாரம் ஓட்டினால், எந்த இடத்தில் எவ்வளவு சிரிப்பு எழும் என்பது மனப்பாடமாகிவிடும். எங்கள் கொட்டகையில் ஆண்களையும் பெண்களையும் பிரிக்க இடுப்பளவுச் சுவர் ஒன்று இருந்ததால், சிரிப்பு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதும் எனக்குத் தெரியும்.

வெறும் பச்சைப் பேச்சுக்கு முதல் நாள் ஆண்கள் பக்கத்திலிருந்து விசிலோடு பெரிய சிரிப்பு எழும். மூன்றாம் நாள் அதே ஆட்கள் திரும்ப வந்திருந்தால் (அந்தக் காலத்தில் வேறு பொழுதுபோக்கு ஏது, கட்டாயம் வருவார்கள்) அந்த இடத்தில் பீடி பற்றவைக்கும் தீக்குச்சிச் சத்தம்தான் கேட்கும். ஆனால் 1989-இல் வெளிவந்த கரகாட்டக்காரன் படத்தின் வாழைப்பழக் காட்சியில், செந்தில் வாயைத் திறப்பதற்கு முன்பே கொட்டகை சிரிக்கத் தொடங்கிவிடும். அவர் என்ன சொல்லப்போகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த ஆள் தன் கணக்கை விட்டுக்கொடுக்கவே மாட்டான் என்பதும், கேட்கிறவர் படப்போகும் பாடும் தெரியும். அந்த இருவருடைய குணத்துக்காகச் சிரித்தார்கள். அதனால்தான் பத்தாவது முறையும் சிரிக்க முடிந்தது.

கவுண்டமணி எங்கள் உடுமலைக்கு அருகே உள்ள வல்லகுண்டபுரத்தில் பிறந்தவர் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமையோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் செந்திலின் தலையையும் முகத்தையும் வைத்துத் திட்டிய வசைகள் கொட்டகையைக் குலுக்கின என்பது உண்மை. ஆனால் அவை இரண்டரை மணி நேரப் படத்தில் நான்கைந்து துண்டுகளாக வந்து போனவை. மீதி நேரத்தைக் காதலும் பகையும் பாட்டும் சுமந்தன. இன்றைய பிள்ளைகள் அந்தத் துண்டுகளை மட்டும் தனியாகப் பார்த்து வளர்ந்ததால், அவையே ஒரு படத்தைச் சுமக்கும் என்று நினைக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

அப்படியானால் பச்சையான நகைச்சுவை ஒரு படத்தைத் தாங்கியதே இல்லையா என்று கேட்டால், தாங்கியிருக்கிறது. கோபிக்கு அருகே வெள்ளாங்கோயிலில் பிறந்த பாக்யராஜ் எழுதி இயக்கி நடித்து, 1983-இல் வந்த முந்தானை முடிச்சைப் பாருங்கள். முருங்கைக்காயை வைத்து அவர் செய்தது நாசூக்கானது என்று யாரும் சொல்ல முடியாது. எங்கள் கொட்டகைக்கு அந்தப் படம் தாமதமாகத்தான் வந்தது என்றாலும், அந்தக் காட்சியில் சிரிப்பு முதலில் எழுந்தது பெண்கள் பக்கத்திலிருந்து என்பது இன்றும் என் காதில் இருக்கிறது. கைக்குழந்தையோடு தனித்து நிற்கும் வாத்தியார், குழந்தையைத் தாண்டிப் பொய்ச் சத்தியம் செய்து அவரைக் கட்டிக்கொண்ட பெண், அவளைத் தொடுவதில்லை என்று அவர் பிடிக்கும் வீம்பு என்று எல்லாம் முன்பே கட்டப்பட்டுவிட்டன. அவள் கையில் மிஞ்சியிருப்பது சமையல் ஒன்றுதான். அந்த முருங்கைக்காயை எடுத்துவிட்டால் கதை அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

உங்கள் 110 பக்கங்களில் எந்தப் பச்சைப் பேச்சை எடுத்தால் கதை நின்றுபோகும் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். மற்றவை முதல் நாள் விசிலோடு முடிந்துவிடும்.

பதில் 2: படத்தொகுப்பாளர், கோவை

பெரியவர் சொன்னதோடு தொகுப்பு மேசையிலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். பின்பாதி இன்னும் துணிச்சலானது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நோய் அங்கேதான் இருக்கிறது. அதிர்ச்சியால் வரும் சிரிப்புக்கு, அதற்கு முன்னால் ஓர் அமைதி தேவைப்படுகிறது. நாற்பது பக்கம் கேட்டவர் நீங்கள் எவ்வளவு தூரம் போவீர்கள் என்பதை அளந்து வைத்துவிடுகிறார். அதன்பின் நீங்கள் ஒரு படி கூட்டினால் அவரும் ஒரு படி மரத்துப்போகிறார். என்னிடம் வரும் இத்தகைய படங்களில் நான் முதலில் செய்வது, ஒரு பெரிய சிரிப்புக்குப் பின்னால் வரும் அடுத்த இரண்டு துணுக்குகளை நீக்குவதுதான்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று. 1999-இல் வந்த 'சவுத் பார்க்' படம் 81 நிமிடங்கள். ஏறக்குறைய முழுவதும் வசைச் சொற்கள். ஆயினும் அந்தக் கதையே வசைச் சொற்களைப் பற்றியது. பிள்ளைகள் ஒரு கனடாப் படத்தைப் பார்த்துவிட்டு வசை பேசுகிறார்கள். தாய்மார்கள் கனடாவைக் குற்றம் சாட்டுகிறார்கள். அது போரில் போய் முடிகிறது. ஆகவே ஒவ்வொரு வசையும் வழக்கில் ஒரு சாட்சியாக நிற்கிறது. 2013-இல் வந்த 'மூவி 43' பெரிய நடிகர்கள் பலரை வைத்துத் தனித்தனித் துணுக்குகளாகக் கோக்கப்பட்டது. அந்த ஆண்டின் மிக மோசமான படத்துக்கான ராஸி விருதுதான் அதற்குக் கிடைத்தது. நம் ஊரில் 2018-இல் வெளிவந்த 'இருட்டு அறையில் முரட்டு குத்து' கூட ஒரு பேய்க்கதையின் தோளில்தான் ஏறிக்கொண்டது.

பணம் போடுகிறவரிடம் இதையும் பேசிவிடுங்கள். இழிந்த உணர்வுகளைத் தூண்டும் இரட்டை அர்த்தச் சொற்கள் கூடாது என்று 1991-ஆம் ஆண்டின் தணிக்கை வழிகாட்டு நெறிகளிலேயே இருக்கிறது. 'ஏ' சான்றிதழ் பெற்ற படத்தை அப்படியே தொலைக்காட்சியில் ஒளிபரப்ப முடியாது. வெட்டிக் குறைத்து மறுசான்றிதழ் பெற வேண்டும். வெட்டிய பிறகு என்ன மிஞ்சும் என்பதை இப்போதே வாசித்துப் பார்ப்பது நல்லது.

பதில் 3: தமிழாசிரியை, ஈரோடு

நான் திரைத்துறையைச் சேர்ந்தவள் அல்ல. கேள்வியில் 'ஒருவருடைய உடம்பையோ பேச்சையோ வைத்துச் செய்யும் கேலி' என்ற தொடரைக் கண்டதால் எழுதுகிறேன்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளல் முதலிலேயே நிற்பதால், பிறரை இகழ்ந்து சிரிப்பது நமக்குப் புதிதல்ல என்று தெரிகிறது. ஆனால் அதே இயல் இளிவரல் (இழிவைக் கண்டு மனம் கூசுதல்) என்ற மெய்ப்பாட்டைத் தனியே பிரித்து வைத்து, அது மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகியவற்றிலிருந்து பிறக்கும் என்கிறது. மென்மை என்பதற்கு எளிமை, வறுமை என்று உரை சொல்வார்கள். உங்கள் மாடியில் சிரிப்பு நின்ற இடங்களை இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நோயையும் முதுமையையும் இல்லாமையையும் நகையென்று எழுதியிருந்தால், கேட்பவர் உள்ளத்தில் எழுவது இளிவரலாகவே இருக்கும். ஒருமுறை அது எழுந்துவிட்டால் அடுத்த பத்து நிமிடங்களுக்கு எந்த நகையும் ஒட்டாது.

நம் பக்கத்துக் கல்யாண வீடுகளில் பேசப்படும் கேலிகளை எழுத்தில் வைக்க முடியாது. கொழுந்தியாளும் மச்சானும் பேசிக்கொள்வதைக் கேட்டு வெற்றிலை மெல்லும் கிழவிகள்கூடப் புரையேறச் சிரிப்பார்கள். அதே சொல்லை மாமனார் சொன்னால் அன்றோடு சம்பந்தம் முறிந்துவிடும். கேலிக்கு ஒரு முறை இருக்கிறது. கேலி செய்யப்படுபவர் திருப்பிக் கொடுக்க முடிந்தவராக இருக்கிறார். அந்தியூர்ப் பக்கத்துக் கூத்தில் கோமாளி எவ்வளவு பச்சையாகப் பேசினாலும், விடியும்வரை நடக்கும் ஆட்டத்தில் அவனுக்கென்று ஒரு பொழுது உண்டு. அவன் முதலில் இழிப்பது தன்னையும், அடுத்து அரசனையும்தான்.

உங்கள் கதையில் கேலிக்கு ஆளாகிறவர்கள் யார் யார் என்று தெரிந்தால் இன்னும் சொல்லலாம்.

நொய்யல்கரை, திருப்பூர்

மூவருக்கும் நன்றி. அம்மாவின் கேள்விக்கு உண்மையைச் சொல்கிறேன். திக்கிப் பேசும் ஒரு செக்கிங் தொழிலாளி, பருமனான ஒரு டைலர் அக்கா, தமிழைத் தப்பாகப் பேசும் பீகார்ப் பையன் ஆகிய மூவர்தாம் பெரும்பாலும் கேலிக்கு ஆளாகிறார்கள். கைப்பேசியை எடுத்தவர்கள் இருவரும், திக்குகிறவரின் காட்சியில்தான் எடுத்தார்கள். வீட்டு உரிமையாளரை யாரும் எதுவும் சொல்வதில்லை. இதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

தமிழாசிரியை, ஈரோடு

திக்கிப் பேசுகிறவரை நீக்கிவிடாதீர்கள். இயலாமையைக் கொண்டு ஒருவரை இழிவுபடுத்தும் நகைச்சுவை வேறு, இயலாமையோடு வாழ்வதைப் புரிய வைக்கும் நகைச்சுவை வேறு என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமே ஒரு திரைப்பட வழக்கில் பிரித்துச் சொல்லியிருக்கிறது. லைன் வீட்டிலேயே கூர்மையான கேலிக்காரர் அவராக இருக்கட்டும். கழிவறையைப் பழுது பார்க்காத உரிமையாளர் வாடகை வாங்க வந்து நிற்கும்போது, அவர் தம் வசையை ஆற அமர, ஓர் எழுத்தும் விடாமல் சொல்லி முடிக்கும்வரை உரிமையாளர் நின்று கேட்டே தீர வேண்டும். நடுவில் புகுந்து நிறுத்தினால் பார்க்கிறவர்களிடம் உரிமையாளரின் மானம் போகும். அது எவ்வளவு பச்சையான வசையாக இருந்தாலும் நான் சிரிப்பேன்.

நொய்யல்கரை, திருப்பூர்

நேற்று இரவு நண்பர்களோடு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தோம். மொத்தம் 63 பச்சைத் துணுக்குகளில், எடுத்தால் கதை நிற்கக் கூடியவை ஒன்பதுதான். அந்த ஒன்பதும் காலை ஷிப்டுக்கு முன்னால் கழிவறை வரிசையில் நடப்பவை. எட்டரை மணிக்குள் கம்பெனிக்குப் போகாவிட்டால் அரை நாள் சம்பளம் போய்விடும் என்பதால் அங்கே எல்லோருக்கும் அவசரம் இருக்கிறது. படத்தை அந்த வரிசையிலிருந்தே தொடங்கி, உரிமையாளரைக் கதைக்கு நடுவில் கொண்டுவருவதென்று முடிவு செய்திருக்கிறோம்.

பெரியவரின் இடுப்பளவுச் சுவரைப் பற்றிப் படித்தபோது ஒன்று உறைத்தது. அன்று மாடியில் இருந்த பதினொரு பேரும் ஆண்கள். வாசிப்பு தொடங்குவதற்கு முன்னால் என் அம்மாவையும் அக்காவையும் அவிநாசியில் உள்ள சித்தி வீட்டுக்குப் போய் வரச் சொல்லி நானே பேருந்து ஏற்றிவிட்டேன். அக்கா பதினான்கு ஆண்டுகளாக ஓவர்லாக் தைக்கிறாள். லைன் வீட்டு வரிசையைப் பற்றி எங்களைவிட அவளுக்குத்தான் அதிகம் தெரியும். டைலர் அக்காவின் காட்சிகளை இந்த வாரம் அவளிடம் கொடுத்திருக்கிறேன். நேற்றே இரண்டு பக்கங்களை அடித்துவிட்டு, ஓரத்தில் தன் கையெழுத்தில் ஒரு வசனம் எழுதிக் கொடுத்தாள். அது நாங்கள் எழுதியதைவிடப் பச்சையாக இருக்கிறது.