கொடுமையான பக்கத்தில் மரத்துப்போகிறேன், சின்ன விஷயத்தில் உடைகிறேன். இந்த நாவல்களை வாசிப்பதை நிறுத்தவா?

பின்னிரவு:

சின்ன வயதில் எனக்கு நடந்ததை இங்கே விவரிக்கப் போவதில்லை. வீட்டுக்குள்ளேயே நடந்தது, செய்தவர் நெருங்கிய சொந்தம். அவ்வளவு போதும். கேட்க வந்தது வேறு.

கொஞ்ச காலமாக இந்த மாதிரிக் கதைகளாகவே தேடித் தேடி வாசிக்கிறேன். சிறுவயதில் துன்புறுத்தலுக்கு ஆளானவர்கள் வளர்ந்து, அதோடு எப்படியோ வாழ்கிற கதைகள். ஒன்று முடிந்தால் அடுத்தது. "ஆறுற புண்ணை ஏம்மா நோண்டிக்கிட்டே இருக்க?" என்கிறார் கணவர். அக்கறையில்தான் கேட்கிறார். ஆனால் அது ஆறுகிறது என்று அவருக்கு யார் சொன்னது?

எனக்குப் புரியாதது இதுதான். கொடுமை நடக்கும் அத்தியாயத்தை மளமளவென்று வாசித்துவிடுகிறேன். ஒன்றும் ஆவதில்லை. அச்சுப்பிழை இருந்தால் அதுகூடக் கண்ணில் படுகிறது. ஆனால் போன வாரம் வாசித்த கதையில், வளர்ந்துவிட்ட அந்தப் பெண் ஓர் உறவினர் வீட்டில் இரவு தங்க நேர்கிறது. தாழ்ப்பாளைப் போடுகிறாள். படுத்தவள் எழுந்து வந்து மறுபடி தொட்டுப் பார்க்கிறாள். பிறகு நாற்காலியைக் கதவோரம் கொண்டுபோகிறாள்: இழுக்காமல், ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்து, தரையில் சத்தம் வராமல். ஏன் என்று ஆசிரியர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த பத்தியில் விடிந்துவிடுகிறது. அங்கே நான் உடைந்துபோனேன். நாற்காலியை அப்படி நகர்த்த எனக்கும் தெரியும்.

இது ஏதாவது கோளாறா? வாசிப்பதை நிறுத்திவிட வேண்டுமா? "தைரியமா இருங்க" என்று மட்டும் யாரும் எழுதாதீர்கள், ப்ளீஸ்.

கறார்வாசகி:

கோளாறு உங்களிடம் இல்லை, பாதி நாவல்களிடம் இருக்கிறது. கொடுமையைப் பக்கம் பக்கமாக வர்ணிக்கிறவர்கள் பெரும்பாலும் அது நேராதவர்களுக்காக எழுதுகிறார்கள். அதிர வைக்க வேண்டுமாம். நடந்தது உங்களுக்குத் தெரியும், அதில் உங்களுக்குப் புதிதாக என்ன இருக்கிறது? அதற்குப் பிறகு ஒருத்தி எப்படித் தூங்குகிறாள் என்பதைத்தான் யாரும் எழுதுவதில்லை. உங்கள் நாற்காலிக்காரி எழுதியிருக்கிறார். அவரை விடாதீர்கள்.

இன்னொரு எரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். கடைசி அத்தியாயத்தில் அவள் அவனை மன்னித்து, மழையில் நனைந்து, லேசாகிவிடுவாள். அப்படி முடிகிற புத்தகம் கையில் கிடைத்தால் நான் மூடி வைத்துவிடுவேன். மன்னிக்காமலும் மனுஷி நன்றாக வாழலாம்.

உங்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது: ஆலிஸ் வாக்கரின் 'தி கலர் பர்ப்பிள்' (1982). யாரிடமும் சொல்லாதே என்று மிரட்டப்பட்ட சிறுமி கடவுளுக்குக் கடிதம் எழுதுகிறாள். ஒரு கட்டத்தில் கடவுளை விட்டுவிட்டுத் தங்கைக்கு எழுத ஆரம்பிக்கிறாள். அவள் மாறுவதை யாரும் நமக்கு விளக்குவதில்லை, யாருக்கு எழுதுகிறாள் என்பதிலேயே தெரிந்துவிடும். ஆரம்பப் பக்கங்கள் கடுமையானவை, தெரிந்துகொண்டு தொடங்குங்கள். டோனி மாரிசனின் 'தி ப்ளூயஸ்ட் ஐ' (1970) அருமையான நாவல்தான், ஆனால் அந்தக் குழந்தைக்கு மீட்சியே கிடையாது. மனசு தெம்பாக இல்லாதபோது எடுக்காதீர்கள்.

பெயரில்லாதவன்:

ஆம்பளை எழுதுறேன். எனக்கும் இதே கதைதான். நான் கடைசிப் பக்கத்தை முதல்ல படிச்சிருவேன். கதையில கொடுமைக்கு ஆளானவன் உயிரோட இருக்கானான்னு பார்த்துட்டுத்தான் முதல் பக்கம். இது ஏமாத்து வேலைன்னு ஒரு நண்பன் சொன்னான். அவனுக்குத் திடீர்னு வந்தா த்ரில்லு, எனக்கு அப்படி இல்லையே.

ஆலோசகர்_ஒருவர்:

மனநல ஆலோசகராக வேலை செய்கிறேன். உங்களை நேரில் பார்க்காமல் எதையும் கண்டறிந்து சொல்ல முடியாது, பொதுவாகச் சொல்கிறேன்.

மரத்துப்போவது உணர்ச்சி இல்லாததால் அல்ல. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980ல் பி.டி.எஸ்.டி.யை (கொடுமையான அனுபவத்துக்குப் பிறகு நீடிக்கும் மனப் பாதிப்பை) தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தபோதே, நினைவுகள் திரும்பத் திரும்ப வந்து தாக்குவதோடு, உணர்வு மரத்துப்போவதையும் அறிகுறியாகக் குறிப்பிட்டது. தாங்க முடியாததை மனசு தள்ளி நிறுத்திப் பார்க்கிறது. தாழ்ப்பாளும் நாற்காலியும் அந்தக் காவலுக்குத் தப்பி உள்ளே வந்துவிட்டன.

நிறுத்த வேண்டுமா என்பதற்குப் புத்தகத்தைப் பார்க்காதீர்கள், மூடிவைத்த பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். அழுதுவிட்டு முகம் கழுவி, அடுத்த வேலையைப் பார்க்க முடிகிறதா? அப்படியானால் வாசியுங்கள். ஃப்ளாஷ்பேக், அதாவது நடந்தது இப்போதே மறுபடி நடப்பதுபோல் வரும் நினைவு, ஒரு சம்மதமும் கேட்காமல் வரும். புத்தகம் அப்படி இல்லை, நீங்கள் நினைத்த வரியில் நிறுத்தலாம். அந்த அதிகாரம் சின்ன விஷயம் இல்லை. கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பவரும் அதைத்தான் செய்கிறார். மாறாக, தூக்கம் போய்விடுகிறது, எங்கே இருக்கிறோம் என்றே சற்று நேரம் தெரியவில்லை, உங்களையே காயப்படுத்திக்கொள்ளத் தோன்றுகிறது என்றால் அன்றே நிறுத்திவிட்டு ஒருவரைப் பாருங்கள். படுக்கைக்கு முன் இந்த வகைப் புத்தகம் வேண்டாம். வாசிக்கும்போது தலை லேசாகிற மாதிரி இருந்தால் இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி, அறையில் இருக்கும் பொருள்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஜூடித் ஹெர்மன் என்ற மனநல மருத்துவர் 1992ல் எழுதிய நூலில், மீள்வதை மூன்று கட்டமாகப் பார்த்தார்: முதலில் பாதுகாப்பு, பிறகு நினைத்துப் பார்த்துத் துக்கப்படுவது, பிறகு மற்றவர்களோடு மறுபடி இணைவது. இது வரிசையாக நடக்காது, முன்னும் பின்னும் போகும் என்பதையும் அவரே சொல்கிறார். நீங்கள் துக்கப்படத் தொடங்கியிருக்கலாம் என்பது என் ஊகம்.

பின்னிரவு:

எல்லோருக்கும் நன்றி. தூக்கம் போகிறது, அது உண்மை. மற்றவை இல்லை. தெரபிஸ்டிடம் போக நினைத்திருக்கிறேன். ஆனால் முதல் நாளே எல்லாவற்றையும் ஒப்பிக்க வேண்டுமே என்பதை நினைத்தால் காலே நகர மறுக்கிறது.

ஆலோசகர்_ஒருவர்:

ஒப்பிக்க வேண்டியதே இல்லை. "சிறுவயதில் ஒன்று நடந்தது, விவரம் இப்போது சொல்ல மாட்டேன், தூக்கம் வருவதில்லை" என்ற ஒரே வாக்கியத்தோடு போகலாம். நல்ல ஆலோசகர் தூக்கத்திலிருந்துதான் தொடங்குவார். இந்த மாதிரி விஷயத்தில் பயிற்சி உண்டா என்று நீங்களும் அவரைக் கேளுங்கள். விவரத்தை உடனே சொல்லச் சொல்லி வற்புறுத்தினால் ஆளை மாற்றிவிடுங்கள்.