பீலித் தண்ணி குறைந்ததற்கு வங்கியிடம் கேட்கலாமா?

பீலிக்கரை: எங்கள் தேயிலைத் தோட்ட லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) மேலே ஓடையை மறித்துச் சிறு நீர்மின் நிலையம் கட்டி இரண்டு வருடம் ஆகிறது. மாசி, பங்குனியில் பீலியில், அதுதான் ஓடைத் தண்ணி விழும் குழாயில், தண்ணி நூல் மாதிரி விழுகிறது, ஒரு குடம் நிறைய அரை மணி நேரம், கொழுந்துக்குப் போகிற பெண்கள் விடிய நாலு மணிக்கே வரிசையில். கம்பனிக்கு எழுதினோம், பதிலே இல்லை. கடன் கொடுத்த தனியார் வங்கியோ வாடிக்கையாளர் விஷயம், சொல்ல முடியாது என்கிறது. அந்த வங்கிக்கே வெளிநாட்டு அபிவிருத்தி வங்கிப் பணம் வருகிறதாம். அங்கே முறையிடலாமா?

மஸ்கெலியாக்காரன்: முறையிடலாம் தம்பி, ஆனால் முதலில் பணம் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற சங்கிலியைப் பிடிக்க வேண்டும். ஐ.எஃப்.சி. (உலக வங்கிக் குழுமத்தில் தனியார் துறைக்குப் பணம் கொடுக்கும் நிறுவனம்), ஆசிய அபிவிருத்தி வங்கி இரண்டின் இணையதளத்திலும் உங்கள் வங்கியின் பெயரைத் தேடுங்கள். வங்கியின் பெயர் கிடைக்கும், கம்பனியின் பெயர் பெரும்பாலும் இருக்காது, ஓட்டை அங்கேதான். பணம் வாங்கும் வங்கி தன் கடனாளிகளால் ஊருக்குக் கேடு வருமா என்று பார்க்க ஓர் ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தாளில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும்! ஹொண்டுராஸில் ஐ.எஃப்.சி. பணம் போட்ட வங்கி ஒன்று, காணித் தகராறில் கொலை வரை போன பாமாயில் கம்பனிக்குக் கடன் கொடுத்திருந்தது. அந்த ஆபத்தை ஐ.எஃப்.சி. சரியாக ஆராயவில்லை என்று அதன் சொந்த முறைப்பாட்டு அலுவலகமான சி.ஏ.ஓ.வே 2014இல் எழுதியது.

ஹட்டன் அக்கா: தனியார் வங்கி வாய் திறக்காது, விடுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பிரதேச செயலகத்துக்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் எழுதுங்கள், 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அனுமதிக் கடிதத்தில் ஓடைக்கு எவ்வளவு தண்ணி விடச் சொல்லியிருக்கிறது என்று பாருங்கள்.

பீலிக்கரை: பெயர் வெளியே வந்தால் தோட்டத்தில் வேலைக்கு வம்பு வருமே அக்கா?

மஸ்கெலியாக்காரன்: சி.ஏ.ஓ.விடம் பெயரை ரகசியமாக வைக்கக் கேட்கலாம், தமிழிலேயே எழுதலாம், வக்கீலும் வேண்டாம். ஆசிய அபிவிருத்தி வங்கி என்றால் குறைந்தது இரண்டு பேர் சேர வேண்டும், முதலில் அவர்களுடைய திட்ட அதிகாரிகளிடம் பேசியும் பார்த்திருக்க வேண்டும். கடன் முடிந்து ரொம்ப நாள் போனால் எடுக்க மாட்டார்கள், இழுத்தடிக்காதீர்கள். நட்டஈடு கொடு, வேலையை நிறுத்து என்று உத்தரவு போடும் அதிகாரம் சி.ஏ.ஓ.வுக்குக் கிடையாது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். குடம் நிறைய எத்தனை நிமிடம் என்று தினமும் திகதியோடு எழுதி வையுங்கள், அப்புறம் உதவும்.

பீலிக்கரை: சரி அண்ணே. பக்கத்துக் காம்பரா அக்கா ஏற்கனவே கலண்டரில் குறித்து வைத்திருக்கிறார், பால் கணக்குக்குப் பக்கத்திலேயே.