சனிக்கிழமை கராஜ் சேல் வேட்டை: எங்கிருந்து தொடங்குவது?

புதுவரவு_எடிசன்:

எல்லோருக்கும் வணக்கம். போன டிசம்பரில் நியூ ஜெர்சி வந்தோம், எடிசனில் இருக்கிறோம். குளிர் விட்டதிலிருந்து சனிக்கிழமை காலையில் எந்தத் தெருவில் திரும்பினாலும் கம்பத்தில் 'கராஜ் சேல்' (வீட்டுப் பழைய சாமான்களை வாசலில் வைத்து விற்பது) என்று அட்டை தொங்குகிறது. போன வாரம் ஒரு வீட்டில் சும்மா இறங்கிப் பார்த்தேன். ஒரு மேசை விளக்கு, மூடி போட்ட கண்ணாடி ஜாடி இரண்டு, எல்லாம் சேர்த்து 6 டாலர். வீட்டுக்கார அம்மா அந்த விளக்கு எப்போது வாங்கியது என்று கதையும் சொன்னார். எனக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. வாரா வாரம் போகலாம் என்று இருக்கிறேன்.

நல்ல சேல்களை எப்படிக் கண்டுபிடிப்பது? பேரம் பேசினால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா? எதை வாங்கலாம், எதைத் தொடக் கூடாது? மனைவிக்கு மூட்டைப்பூச்சி பயம் இருக்கிறது. ஆகஸ்டில் குழந்தை வரப்போகிறது, அதனால் தொட்டில், கார் சீட் எல்லாம் இப்படி வாங்கினால் பணம் மிச்சமாகுமே என்றும் ஓர் எண்ணம். அவளுக்கு ஒரு தையல் மெஷினும் வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வார்ப்பிரும்பு:

வாழ்த்துகள் தம்பி. முதலில் குழந்தை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

கார் சீட் கராஜ் சேலில் வாங்கவே வாங்காதீர்கள். அதற்குக் காலாவதித் தேதி உண்டு, பிளாஸ்டிக்கிலேயே அச்சிட்டிருக்கும். தேதி தாண்டாமல் இருந்தாலும் அந்த சீட் ஏற்கெனவே விபத்தில் சிக்கியதா என்பது பார்த்தால் தெரியாது. தொட்டிலில், பக்கக் கம்பி கீழே இறங்குகிற மாதிரி செய்தவை 2011 ஜூன் 28 முதல் அமெரிக்காவில் விற்கவே கூடாது, வீட்டு வாசலில் வைத்து விற்பதும் சேர்த்துத்தான். அந்தக் கம்பி கழன்று இடுக்கில் சிக்கிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். பாட்டிமார் பரணிலிருந்து இறக்கி அன்போடு 25 டாலருக்கு வைத்திருப்பார்கள், அவர்களுக்கு இந்தச் சட்டம் தெரியாது. மற்றத் தொட்டிலிலும் கம்பிகளுக்கு இடையில் ஒரு சோடா டின் நுழைந்தால் விட்டுவிடுங்கள். பெயிண்ட் அடித்த பழைய மரப் பொம்மையும் வேண்டாம், 1978க்கு முந்தைய பெயிண்டில் காரீயம் இருக்கலாம். தொட்டிலும் சீட்டும் புதிதாக வாங்குங்கள். அந்தப் பணத்தைக் குழந்தைத் துணியில் மிச்சம் பிடிக்கலாம். ஒரு டாலருக்கு, விலைச்சீட்டுகூடக் கிழிக்காத சட்டை கிடைக்கும்.

இனி வேட்டைக்கு வருகிறேன். நான் இந்த மாநிலத்துக்கு வந்து பல வருஷம் ஆகிறது. சனிக்கிழமை என்றால் எனக்கு இதுதான். இதில் நான் உறுதியாக நம்புவது ஒன்று: எல்லாவற்றையும் தேடிப் போகிறவருக்கு ஒன்றும் கிடைக்காது. ஒரே ஒரு பொருளை எடுத்து, அதைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுச் சொல்லும் அளவுக்குக் கற்றுக்கொள்ளுங்கள். என் பொருள், பெயரைப் பார்த்தாலே தெரியும், வார்ப்பிரும்புச் சட்டி.

காரணம் தோசைதான். இன்று கடையில் விற்கும் வார்ப்பிரும்புச் சட்டியின் மேல்பக்கம் பெரும்பாலும் சொரசொரப்பாக இருக்கும். ஐம்பதுகளுக்கு முன் பென்சில்வேனியாவின் ஈரி நகரில் கிரிஸ்வோல்டு கம்பெனியும், ஒஹையோவின் சிட்னியில் வாக்னர் கம்பெனியும் செய்தவற்றை உள்ளே இழைத்து வழவழப்பாக்கித்தான் வெளியே அனுப்பினார்கள். கைப்பிடி வைத்த வட்டத் தட்டையான கல் ஒன்று உண்டு, 'கிரிடில்' என்பார்கள். அது நம் தோசைக்கல்லேதான். கரண்டியால் மாவை இழுக்கும்போது கை தடைபடாமல் சுற்றும். அடிப்பக்கம் வட்டத்துக்குள் சிலுவைக்குறி, 'ஈரி பிஏ' என்ற எழுத்து, இவை இருந்தால் கிரிஸ்வோல்டு. ஈரியில் இருந்த அந்தத் தொழில் 1957இல் முடிந்துபோனது. இந்த முத்திரைக்காகச் சேகரிப்பவர்கள் நிறையக் கொடுப்பார்கள். சமைப்பதற்கு எனக்கு முத்திரை முக்கியமே இல்லை. பெயரே இல்லாத பழைய சட்டி 5 டாலருக்குக் கிடைக்கும், வழவழப்பு அதே வழவழப்பு.

எப்படிச் சோதிப்பது? சமதளமான மேசையில் வைத்து ஓரத்தை அழுத்துங்கள். ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். கேஸ் அடுப்பில் லேசான ஆட்டம் பரவாயில்லை, கண்ணாடி அடுப்பு என்றால் வேண்டாம். பிறகு மரக்கரண்டியால் தட்டுங்கள். கணீர் என்றால் நல்லது, 'டொக்' என்று அடைத்த சத்தம் வந்தால் எங்கோ விரிசல். விளிம்பை வெயிலில் சுற்றிப் பாருங்கள். துருவும் கரிப்பிடிப்பும் பிரச்சினையே இல்லை, விலை குறைவதே அதனால்தான். ஆனால் இரும்பே செம்மண் நிறத்தில் செதிலாக இருந்தால் அது நெருப்பில் கிடந்தது, எண்ணெய் பிடிக்காது. தூண்டில் குண்டு, துப்பாக்கிக் குண்டு வார்க்கக் காரீயம் உருக்கிய சட்டிகளும் விற்பனைக்கு வரும். விற்பவரிடம் தயங்காமல் கேளுங்கள். சந்தேகமிருந்தால் ஹார்டுவேர் கடையில் காரீயம் சோதிக்கும் பஞ்சுக்குச்சி கிடைக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அதைத் தணலில் போடவோ, ஓவனில் 'தானே சுத்தம் செய்யும்' சூட்டில் வைத்துவிடவோ கூடாது, கோணிப்போகும், வெடிக்கவும் செய்யும். 'லை' (காரச் சோடா) கலந்த ஓவன் கிளீனரை வெளியில் வைத்துக் கையுறையோடு அடித்து, குப்பைப் பையில் கட்டி இரண்டு நாள் விடுங்கள். பழைய கரியெல்லாம் உரிந்து வந்துவிடும். நன்றாகக் கழுவிய பிறகு துருவுக்கு வினிகரும் தண்ணீரும் சரிபாதி, அரை மணி நேரத்துக்கு மேல் ஊறக் கூடாது. கழுவிய கையோடு சூட்டில் காய வைத்து, எண்ணெயைத் தடவி, தடவியதே தெரியாத அளவுக்குத் துடைத்து, ஓவனில் 450 டிகிரி ஃபாரன்ஹீட்டில் கவிழ்த்து ஒரு மணி நேரம். இரண்டு மூன்று முறை செய்தால் கல் பழகிவிடும். முதல் தோசைக்கு முன் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்ப்பது ஊரில் செய்வது போலவேதான்.

ஊசிநூல்:

அக்கா சட்டி பற்றிச் சொல்லிவிட்டார். தையல் மெஷின் என் பங்கு.

சிங்கர் 221 என்று ஒரு சின்னக் கறுப்பு மெஷின், 'ஃபெதர்வெயிட்' என்பார்கள். 1933இல் வந்தது, எடை 11 பவுண்டுதான். கறுப்புப் பெட்டிக்குள் இருக்கும், அதனால் மேசைக்கு அடியில் கிடந்தாலும் திறந்து பாருங்கள். இங்கே ஒட்டுத்துணிப் போர்வை தைப்பவர்கள் இதற்கு உயிரை விடுவார்கள். ஆன்லைனில் பல நூறு டாலர் போகும். சிலவற்றில் நீல வளையத்தோடு 1851–1951 என்று வில்லை இருக்கும், கம்பெனியின் நூற்றாண்டு அடையாளம். நேர்தையல் மட்டும்தான் போடும், ஜிக்ஜாக் வராது என்பதை உங்கள் மனைவியிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ரவிக்கை தைக்க அதுவே போதும்.

பார்க்க வேண்டியது: பாபின் கேஸ் (அடிநூல் உருளையைப் பிடிக்கும் சின்னக் கூடு) உள்ளே இருக்கிறதா? அது மட்டும் தொலைந்திருந்தால் தனியாக வாங்கும் செலவு வலிக்கும். கால் மிதி இருக்கிறதா, வயரின் ரப்பர் வெடித்திருக்கிறதா? வெடித்திருந்தால் மின்சாரத்தில் சொருகாதீர்கள். சக்கரத்தை உங்கள் பக்கமாகச் சுற்றுங்கள். இறுகி நின்றால் மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்து விட்டுவிட வேண்டாம். பெரும்பாலும் பழைய எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். ஹேர் டிரையரில் லேசாகச் சூடாக்கி, தையல் மெஷின் எண்ணெய் விட்டு, ஓர் இரவு கழித்துச் சுற்றினால் இளகும். இறுக்கத்தைக் காட்டிப் பேரமும் பேசலாம்.

புதுவரவு_எடிசன்:

அக்கா, ரொம்ப நன்றி. அந்த 25 டாலர் தொட்டிலை நிஜமாகவே பார்த்து வைத்திருந்தேன், பக்கக் கம்பி இறங்குகிற வகைதான். விட்டுவிடுகிறேன். ஊசிநூல், மெஷின் குறிப்பை மனைவிக்கு அனுப்பிவிட்டேன்.

பேரம், மூட்டைப்பூச்சி, எந்தத் தெருவுக்குப் போவது, இதைப் பற்றியும் சொல்லுங்கள். அப்புறம் ஆபீஸில் ஒருவர், கராஜ் சேலில் சில டாலருக்கு வாங்கிய கிண்ணம் கோடிக்கு விற்றது என்றார். உண்மையா?

வார்ப்பிரும்பு:

உண்மைதான் தம்பி. நியூயார்க் மாநிலத்தில் 2007இல் ஒரு குடும்பம் கராஜ் சேலில் 3 டாலருக்கு ஒரு வெள்ளைக் கிண்ணம் வாங்கி வரவேற்பறையில் வைத்திருந்தது. அது சோங் வம்சத்துக் காலத்துச் சீனக் கிண்ணம், சுமார் ஆயிரம் வருஷப் பழையது. 2013இல் சதபிஸ் ஏலத்தில் 22 லட்சம் டாலருக்கு மேல் போனது. கனெக்டிகட்டில் 2020இல் ஒருவர் 35 டாலருக்கு வாங்கிய நீல வெள்ளைக் கிண்ணம், அடுத்த வருஷமே 7,21,800 டாலர்.

இந்த இரண்டாவது ஆளைத்தான் எனக்குப் பிடிக்கும். அவர் கையில் எடுத்தபோதே ஏதோ இருக்கிறது என்று தோன்றி, படமெடுத்து நிபுணர்களுக்கு அனுப்பிக் கேட்டார். கிண்ணங்களைப் பார்த்துப் பழகிய கண் அது. நாம் எல்லோருக்கும் அது நடக்காது, நடக்கவும் வேண்டாம். 5 டாலர் கல்லில் வருஷக்கணக்காகத் தோசை சுடுவதே எனக்கு நிறைவாக இருக்கிறது.

பீங்கானைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 1890இல் இயற்றிய மெக்கின்லி சுங்கச் சட்டத்துக்குப் பிறகு, இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றானது. 'நிப்பான்' (ஜப்பானுக்கு அவர்கள் மொழிப் பெயர்) என்றிருந்தால் பொதுவாக 1921க்கு முன், அதன் பிறகு 'ஜப்பான்'. 'ஆக்குபைடு ஜப்பான்' (அந்நியப் படையின் பிடியில் இருந்த ஜப்பான்) என்றால் இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1952க்குள். பெயரே இல்லாததெல்லாம் பழையது என்று நினைக்க வேண்டாம், காகித ஒட்டி உதிர்ந்திருக்கலாம். 'இந்தியா' என்று குத்திய பித்தளையும் வரும். சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தம் வைத்திருங்கள். விளக்கில் அது ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம்.

எங்கே போவது? புது டவுன்ஹவுஸ் பக்கம் பொம்மையும் குழந்தைத் துணியும்தான், உங்களுக்கு இப்போது அது சரி. சட்டி, கருவி, தையல் மெஷின் வேண்டுமென்றால் ஐம்பது அறுபதுகளில் கட்டிய தெருக்கள், நாற்பது வருஷம் ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள். வியாழன் இரவே ஃபேஸ்புக், கிரெய்க்ஸ்லிஸ்ட் பார்த்து வழியைப் போட்டுவிடுங்கள். 'மூவிங் சேல்' என்றால் அன்றே காலி செய்தாக வேண்டும், மதியத்துக்கு மேல் விலை இறங்கும். 'எஸ்டேட் சேல்' வேறு. பெரும்பாலும் ஒருவர் இறந்த பிறகு வீட்டோடு விற்பது. அதை நடத்தும் ஆட்கள் வாசலில் வரிசை எண் கொடுப்பார்கள், முதல் நாள் முழு விலை, கடைசி நாள் பாதி விலை என்பது வழக்கம்.

பேரம் தாராளமாகப் பேசலாம். ஆனால் மூர் மார்க்கெட் பாணியில் கால் விலையில் ஆரம்பிக்காதீர்கள், இங்கே முகம் சுருங்கிவிடும். நாலைந்து பொருளைச் சேர்த்து வைத்து, 'எல்லாவற்றுக்கும் சேர்த்து என்ன தரலாம்?' என்று கேட்பதுதான் வழி. ஒரு டாலர், ஐந்து டாலர் நோட்டுகளாகக் கொண்டு போங்கள். காலை 7 மணிக்கு இருபதை நீட்டினால் அவர்களிடம் சில்லறை இருக்காது. ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பு: கணவர் போன பிறகு அவருடைய கருவிகளை ஒரு பாட்டி தானே உட்கார்ந்து விற்றால் நான் பேரம் பேச மாட்டேன். அவருக்கு விலை தெரியாமல் மிகக் குறைத்துச் சொன்னால், இது இன்னும் அதிகம் பெறும் அம்மா என்று சொல்லிவிட்டுத்தான் வாங்குவேன்.

மூட்டைப்பூச்சிக்கு உங்கள் மனைவி பயப்படுவது சரியே. மெத்தை, குஷன் சோபா வேண்டவே வேண்டாம். மர நாற்காலி என்றால் திருகுத் துளை, இணைப்பு, அடிப்பக்கம் எல்லாம் டார்ச் அடித்துப் பாருங்கள், கறுப்புப் புள்ளிகள் இருந்தால் காரில் ஏற்றாதீர்கள். துணியை வீட்டுக்குள் விரிப்பதற்கு முன் டிரையரில் அதிகச் சூட்டில் அரை மணி நேரம்.

சின்சினாட்டி_வழிப்போக்கன்:

இது பிடித்துப்போனால் ஒருமுறை '127 யார்டு சேல்' வந்து பாருங்கள் (யார்டு சேல் என்பதும் கராஜ் சேல் மாதிரிதான்). மிச்சிகனின் அடிசனிலிருந்து அலபாமாவின் காட்ஸ்டன் வரை 690 மைல், சாலையோரம் முழுக்கக் கடை. ஆகஸ்ட் முதல் வியாழன் தொடங்கி ஞாயிறு வரை. 1987இல் டென்னசியின் ஃபென்ட்ரஸ் கவுண்டியில் ஆரம்பித்தது. முழுத் தூரமும் ஓட்ட நினைக்காதீர்கள், கென்டக்கி, டென்னசி பகுதி போதும். வார்ப்பிரும்புக்கு அந்தப் பக்கம்தான் சொர்க்கம், அக்காவுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

புதுவரவு_எடிசன்:

ஆகஸ்டில் எங்களுக்கு வேறு வேலை இருக்கிறது, அடுத்த வருஷம் பார்க்கலாம்! இந்தச் சனிக்கிழமை பக்கத்து ஊரில் ஊர் முழுக்க யார்டு சேல் என்று போட்டிருக்கிறார்கள். மழை வரும்போலத் தெரிகிறது. போகலாமா?

வார்ப்பிரும்பு:

போங்கள். தூறல் என்றால் பாதிப் பேர் வர மாட்டார்கள், விற்பவர்கள் கராஜுக்குள் இழுத்து வைத்து விற்பார்கள். பெரிய மழை என்றால் ஒத்திவைத்த தேதி அந்த ஊரின் அறிவிப்பிலேயே போட்டிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். ஊர் முழுக்க என்றால் வீடுகளைக் குறித்த வரைபடம் கொடுப்பார்கள். காரை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு நடந்தே சுற்றுங்கள். கனமான சட்டி வாங்கினால் பணத்தைக் கொடுத்துவிட்டு, 'வைத்திருங்கள், வந்து எடுத்துக்கொள்கிறேன்' என்று சொல்லலாம். பழைய செய்தித்தாளும், போட்டுச் சோதித்துப் பார்க்க இரண்டு ஏஏ பேட்டரியும், அளவு நாடாவும் மறக்காதீர்கள்.