ஆலிவருக்குச் சொத்து கிடைத்துவிட்டால் டிக்கன்ஸின் விமர்சனம் என்னாகிறது?

காட்பாடி மாணவி:
முதுகலை ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். விக்டோரியா காலப் புதினங்களில் குழந்தைகளின் வறுமை பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். 1837இல் தொடராக வரத் தொடங்கிய சார்லஸ் டிக்கன்ஸின் 'ஆலிவர் ட்விஸ்ட்', இங்கிலாந்தின் 1834ஆம் ஆண்டுப் புதிய ஏழையர் சட்டத்தையும், அதன்படி ஆதரவற்றவர்களைத் தங்கவைத்து வேலை வாங்கிய ஏழை விடுதிகளையும் சாடுகிறது என்று வகுப்பில் சொன்னார்கள். ஆனால் அப்படியொரு விடுதியில் பிறந்த சிறுவன் ஆலிவர், கடைசியில் நல்ல குடும்பத்துப் பிள்ளை என்று தெரியவந்து, சொத்தும் கிடைத்துவிடுகிறது. அவனோடு கஞ்சி குடித்த மற்ற பிள்ளைகளின் கதி என்ன? இந்த முடிவு, முன்னே சொன்னதையெல்லாம் நீர்த்துப்போகச் செய்யவில்லையா?

குடியாத்தம் வாசகர்:
முடிவை விடுங்கள், சகோதரி. மூன்றாம் அத்தியாயத்தைப் பாருங்கள். ஆலிவரை அழைத்துச் செல்பவருக்கு ஐந்து பவுண்டு தருவதாக விடுதி வாசலில் அறிவிப்பு ஒட்டுகிறார்கள். புகைபோக்கி துடைக்கும் கேம்ஃபீல்டு வந்து கேட்டதும், அது அழுக்கான தொழில் என்று முகம் சுளிக்கும் நிர்வாகக் குழு, அதையே காரணம் காட்டித் தொகையைக் குறைக்கிறது. பையனை அனுப்ப மட்டும் தயங்குவதில்லை. பையனைத் தொழில் பழக அனுப்பும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டிய நீதிபதி மைக்கூட்டைத் தேடுகிறார். அது அவர் நினைத்த இடத்தில் இல்லாததால்தான் நிமிர்ந்து பார்க்கிறார், பையனின் வெளிறிய முகம் கண்ணில் படுகிறது. மைக்கூடு இடம் மாறாமல் இருந்திருந்தால் ஆலிவர் புகைபோக்கிக்குள் போயிருப்பான். இதைவிடக் கடுமையாக ஒரு சட்டத்தை எப்படி விமர்சிப்பது?

என் தாயார் ஒன்பது வயதில், வீட்டில் வாங்கிய முன்பணத்துக்காக ஒருவரிடம் பீடி வேலைக்கு அனுப்பப்பட்டவர். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, பெரியவர்கள் சுற்றிப் போட்ட பீடிகளுக்கு நாள் முழுவதும் முனை மடிப்பார். அங்கே பிள்ளையைத் தள்ளிவிடப் பணம் கொடுத்தார்கள். இங்கே பிள்ளையைப் பிடித்துவைக்கப் பணம் கொடுத்தார்கள். குழந்தைகளின் உழைப்பை அடகு வைப்பதைத் தடைசெய்யும் சட்டம் இந்தியாவில் 1933ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. என் தாயார் பிறந்தது அதற்கு வெகுகாலம் பின்னர்.

இராணிப்பேட்டை ஓய்வுபெற்ற ஆசிரியர்:
நண்பர் சொன்ன காட்சி அருமையானது; எனினும் மாணவியின் ஐயத்தை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட இயலாது. ஏழை விடுதியிலேயே பிறந்து வளர்ந்த ஆலிவர், கனவான் வீட்டுப் பிள்ளையைப் போலத் திருத்தமான ஆங்கிலம் பேசுவதைக் கவனித்தீர்களா அம்மா? வாசகரின் இரக்கத்தைப் பெற ஏழைக் குழந்தை ஏழையைப் போலப் பேசக்கூடாது என்று டிக்கன்ஸ் அப்போது அஞ்சினார் என்றே நான் கருதுகிறேன். 1852-53இல் வந்த 'ப்ளீக் ஹவுஸ்' புதினத்தில் அந்த அச்சம் இல்லை. தெருவைப் பெருக்கிப் பிழைக்கும் ஜோ கொச்சையாகத்தான் பேசுகிறான். அவனுக்கு உறவும் இல்லை, உயிலும் இல்லை. பிறர் சொல்லச் சொல்ல ஒரு பிரார்த்தனையைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே, அது முடியும் முன் இறந்துபோகிறான். இரண்டையும் அருகருகே வைத்து எழுதுங்கள்.

மற்ற பிள்ளைகளைக் கேட்டீர்கள் அல்லவா? ஆலிவர் ஊரைவிட்டு ஓடும்போது வாழ்த்தி அனுப்பிய சிறுவன் டிக்கை மறந்துவிடாதீர்கள். வசதி வந்தபின் அவனை அழைத்துச் செல்லலாம் என்று ஆலிவர் திரும்பி வருகிறான். அதற்குள் டிக் இறந்துவிட்டான்.

காட்பாடி மாணவி:
டிக்கை நான் மறந்தே போயிருந்தேன், ஐயா. ஜோவோடு அவனையும் சேர்த்து எழுதுகிறேன். குடியாத்தம் அண்ணா, மைக்கூட்டுக் காட்சியை இன்று மறுபடி படித்தேன். அந்த நீதிபதிக்குக் கண்பார்வையும் பாதி மங்கியிருந்தது என்று டிக்கன்ஸ் எழுதியிருக்கிறார்.